கண்மாய்க் கோட்டையின் காவல்காரி

மழை என்ற சொல்லே வாயில் காய்ந்துபோயிருந்த ஓர் ஆனி மாதத்தில், நெடுவயலேந்தல் கண்மாயின் நடு வயிற்றில், ஆடு மேய்க்கப் போனவர்கள் புற்று என்று நினைத்து மஞ்சள் தூவிவிட்டு வந்த இடத்தில், ஒரு கோட்டை முளைத்தது. அவசரப்படாமல்தான் முளைத்தது. காலையில் கணுக்கால் உயரம் இருந்த மண்சுவர் மறுநாள் இடுப்பளவுக்கு வந்தது, அதற்குப் பிறகு ஒரு பக்கம் கொத்தளமும் ஒரு பக்கம் வாசலும் வாசலுக்கு மேலே காவல் மாடமும் வைத்துக்கொண்டு, கடைசியில் கண்மாய்க் கரைமேல் நிற்கிறவர்களும் அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் போய் நின்றது. களியும் செம்மண்ணும் பிசைந்த சுவர். நகத்தால் சுரண்டினால் உதிரும், நாலு பேர் தோள் கொடுத்து முட்டினால் அசையாது.

ஊர் அதைப் பார்த்தது, பார்த்துவிட்டு வேலைக்குப் போனது. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் காடாய் வளர்வதைப் பார்த்திருந்த ஊருக்கு, கண்மாய்க்குள் வீடு கட்டிப் பட்டா கேட்டவர்களைப் பார்த்திருந்த ஊருக்கு, ஒரு கோட்டை வளர்வதில் பெரிய புதுமை ஒன்றும் தெரியவில்லை. ஆடுகள் சுவர் நிழலில் படுத்து அசைபோட்டன. டீக்கடை நாகு தன் பெஞ்சையும் பாய்லரையும் கரைக்கு மாற்றிக்கொண்டான். மினிபஸ் கண்டக்டர் "கோட்டை எறங்கு, கோட்டை எறங்கு" என்று கூவத் தொடங்கி, பிறகு அந்த நிறுத்தத்தின் பழைய பெயரை அவரே மறந்துபோனார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, நீர்நிலைப் புறம்போக்கில் கட்டுமானம் எழுப்பியது ஆக்கிரமிப்பு என்று சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். அந்த வாரமே சுவர் மேலும் வளர்ந்ததில் நோட்டீஸ் யாருக்கும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது, அதைப் படிக்க மைனாக்கள் மட்டும் வந்து உட்கார்ந்தன.

கோட்டைக் கதவு திறந்த அன்று உள்ளே ஒருத்தி இருந்தாள். நடுவயது, கறுத்த உடம்பு, காய்ந்த வண்டல் படிந்தது போன்ற சேலை, மண்ணையே ஆசனமாகப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்டதற்கு அவள் சொல்லவில்லை, அதனால் ஊர் அவளைக் கோட்டையம்மா என்றது. அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"புகை எழும் வீட்டுக்கு ஓர் ஆள், என் படைக்கு வேண்டும். எதிரி வரும்."

எதிரி யார் என்று கேட்டார்கள். "வரும்போது தெரியும்" என்றாள்.

அன்று சாயங்காலமே ரேஷன் கடை வாசலில் ஊர்க்கூட்டம் கூடியது. அம்பலார் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்தார். ஊர்ப் பெரியவர் என்ற முறையில் எல்லாவற்றையும் அவரே பேசித் தீர்க்க வேண்டும், அவருக்கும் அதில் அலுப்புக் கிடையாது. நெடுவயலேந்தல்காரர்களுக்கு வரி என்றால் ஒரு கணக்கு உண்டு. பங்குனித் திருவிழாவானாலும் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுவதானாலும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று விழும், விழுந்ததும் எந்த வழியாக நழுவலாம் என்று ஒவ்வொரு வீடும் யோசிக்கும். வீட்டுக்கு ஓர் ஆள் என்றதும் ஊர் அதையும் வரி என்றுதான் எடுத்துக்கொண்டது. அந்த ஒரு தப்பிலிருந்துதான் மற்ற எல்லாமே வந்தது.

"புகை எழும் வீடுன்னுதான சொல்லுச்சு அந்தப் பொம்பள?" என்றார் அம்பலார். "நம்ம ஊர்ல யாரு வீட்லய்யா இன்னும் புகை? எல்லாம் கேஸ் அடுப்புதான?"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது, பிறகு சந்தோஷமாகச் சிரித்தது. மறுநாள் பார்த்தால் வீட்டுக்கு வீடு வாசலில் சிலிண்டர் நின்றது. தீர்ந்துபோய் மாதக்கணக்கில் கட்டிலுக்கடியில் கிடந்த சிலிண்டர்கள்கூடக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, கோட்டையம்மா பார்வையில் படும்படி நிறுத்தப்பட்டன. சிலிண்டரே இல்லாத வீடுகளில் மட்டும், அதாவது கடைசித் தெருவில், களையெடுக்கவும் நடவுக்கும் போகிற பெண்கள் மட்டும் குடியிருந்த குச்சு வீடுகளில் மட்டும், காலையில் வழக்கம்போல் விறகு புகைந்தது.

அதில் ஒன்று முத்திருளாயி வீடு.

அவள் சேக்காளி பூச்செண்டு விடிந்ததும் ஓடி வந்தாள். "ஏண்டி, அடுப்ப அணை. என் வீட்டுக் கேஸ்ல வந்து ஆக்கிக்க. நாலு நாளைக்கு ஓங் கூரையில புகை வராம இருந்தாச் சரியாப் போகும்."

முத்திருளாயி சுள்ளியை ஒடித்து அடுப்புக்குள் இன்னும் தள்ளினாள். ஈரச் சுள்ளி, புகை மண்டிக்கொண்டு கூரைக்கு மேலே எழுந்தது. "எதுக்கு அணைக்கணும்?"

"எதுக்கா? ஈட்டி பிடிக்கப் போறியா? ஓந் தலையில இருக்கற முடிய முதல்ல பிடி, அதுவே நிக்க மாட்டேங்குது."

"வீட்டுக்கு ஓர் ஆளுன்னு சொல்லிருக்கு. இது வீடுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் போறேன்."

அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று பூச்செண்டுக்குத் தெரியும். முத்திருளாயியின் புருஷன் திருப்பூருக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிப்போனான், இவள் பிறந்த ஊருக்குத் திரும்பி, கரையடியில் ஒரு குச்சு போட்டுத் தன் கையால் பிழைத்தாள். ஆனால் ஊர் வரி கேட்டு வருகிறவர்கள் அவள் வாசலை மட்டும் தாண்டிப் போவார்கள். ஒரு வருஷம் அவளே வரிப்பணத்தோடு அம்பலாரிடம் போய் நின்றபோது அவர் ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார், "ஆம்பள இல்லாத வீடு தலைக்கட்டுல வராதுத்தா. ஒனக்கு எதுக்கு இந்தச் செரமம்." வரி இல்லை என்றால் பங்கும் இல்லை. சாமிக்கு வெட்டிய கிடாயை ஊரெல்லாம் கூறு போட்டு எடுத்துப் போகும்போது அவள் வாசலுக்கு எதுவும் வராது. தன் வீட்டுக் கூறில் பாதியை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்து, இருவரும் ஒரே தட்டில் சாப்பிடும்போது ஒவ்வொரு எலும்புக்கும் ஓர் ஆம்பிளையின் பெயரைச் சொல்லிக் கடித்துத் துப்புகிறவள் பூச்செண்டு.

"போய்த் தொலை" என்றாள் பூச்செண்டு. "சாயங்காலம் எண்ணெய் தேச்சுவிடறேன், மேலு வலிக்கும்."

கோட்டைக்குள் காலையில் பெயர் கூப்பிடுவார்கள். கோட்டையம்மாவே கூப்பிடுவாள். மண்ணுக்கு அடியிலிருந்து வருவது போன்ற குரலில் "முத்திருளாயி வீடு" என்பாள், "இருக்கேன்" என்று இவள் சொல்ல வேண்டும். முதல் நாள் அந்த இரண்டு சொல்லையும் கேட்டபோது முத்திருளாயி நிமிர்ந்து பதில் சொன்னாள், "இருக்கேன்" என்று சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளே திரும்பிப் பார்த்தாள். பனஞ்சிராய்க் காம்பும் இரும்பு முனையும் கொண்ட ஈட்டி ஆளுக்கொன்று கொடுத்தாள் கோட்டையம்மா. அணிவகுப்பும் அவளே பழக்கினாள். நாற்று நடும்போது வரிசையாகப் பின்னோக்கியே நகர்ந்து பழகிய அந்தப் பெண்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையாக முன்னோக்கி நடந்தார்கள், நடக்க நடக்க அவர்கள் கால்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆடி முடிவதற்குள் முத்திருளாயி அவர்களுக்குத் தலைவியாகிவிட்டாள். அவள் ஈட்டியை உயர்த்தினால் மற்ற ஈட்டிகள் உயர்ந்தன, அவள் நின்றால் கண்மாயே நின்றது போலிருந்தது.

ஆவணியில் வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செல்போனை நீட்டிப் படம் பிடித்தார்கள், நாகு கடையில் வடை தீர்ந்து தீர்ந்து போயிற்று, கரை நெடுகப் பலூன் விற்றவர்களும் வளையல் விற்றவர்களும் குந்தினார்கள். மினிபஸ்ஸில் படையாள் ஏறினால் முன் சீட்டில் இருப்பவர் எழுந்து இடம் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு ஊருக்குப் புத்தி வந்தது. சிலிண்டர்கள் மறுபடி கட்டிலுக்கடியில் போயின. அம்பலார் வீட்டுக் கொல்லையில் பச்சைத் தென்னை மட்டையைப் போட்டுக் கொளுத்தி, கண் எரிய எரிய, அவரே துண்டால் வீசிப் புகையை மேலே ஏற்றினார். ஊர் முழுக்கப் புகையாகி நாலு நாள் யாருக்கும் யார் முகமும் தெரியவில்லை. கோட்டையம்மா காவல் மாடத்திலிருந்து பார்த்துவிட்டு, "வேண்டியவர்கள் வந்தாயிற்று" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

பூச்செண்டு மட்டும் புகை போடவில்லை. மதியம் கூழ் தூக்குவாளியோடு வாசலுக்கு வருவாள்.

"நில். யாரது?" என்று முத்திருளாயி ஈட்டியைக் குறுக்கே வைப்பாள்.

"ஒங்கப்பன்."

"யாருன்னு கேக்கணும்டி. சட்டம்."

"சட்டமா? போன வாரம் ஒனக்குப் பேன் பாத்தவ வந்துருக்கேன்னு ஒங்க கோட்டையம்மாட்டப் போய்ச் சொல்லு. பேன் எத்தனைன்னும் சொல்லு."

பின்வரிசையில் படையே சிரிக்கும். முத்திருளாயி சிரிக்காமல் நிற்கப் பார்த்து, முடியாமல், ஈட்டியைச் சுவரில் சாய்க்காமல் ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் கூழ் குடிப்பாள். குடித்து முடிக்கும் வரை பூச்செண்டு கண்மாயின் வறண்ட தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. அவள் புருஷன் மாயாண்டி பனையிலிருந்து விழுந்து இடுப்பு விட்டுப்போன பிறகு, மண்வெட்டியை இவள் எடுத்துக்கொண்டாள். வரத்துக்காலில் தண்ணீர் வந்தால் ஷட்டரைத் தூக்கிக் கண்மாய்க்குள் வாங்குவதும், மடை திறந்து வயல் வயலாக முறை வைத்துப் பாய்ச்சுவதும் அவள் பொறுப்பு. மடைக்கருப்பன் முன்னால் மண்வெட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தாள். தாய் வீட்டு வயலானாலும் முறை தப்பி ஒரு சொட்டு விடமாட்டேன், வந்த தண்ணீரை வாங்காமல் விடமாட்டேன் என்று. மூன்று வருஷமாகத் தண்ணீரும் இல்லை, அறுப்பில் அவளுக்கு அளக்கும் நெல்லும் இல்லை. ஆனாலும் வாரம் தவறாமல் ஷட்டரின் திருகுக்கு எண்ணெய் போட்டு வந்தாள்.

"மழை வந்தா என்னடி பண்ணுவ?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எந்த மழை?" என்றாள் முத்திருளாயி. இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். அது வெளுத்த வேட்டி மாதிரி விரிந்து கிடந்தது.

ஐப்பசியில் வந்தது. ஊரில் பெய்யவில்லை, மேற்கே மலையில் பெய்தது. மேலூர்களிலிருந்து போன் மேல் போன். ஆற்றில் தண்ணீர், அணையில் திறந்துவிட்டார்கள், வரத்துக்காலில் திரும்பிவிட்டது, வருது, வருது, நெருங்கிவிட்டது. சோற்றுத் தட்டைப் போட்டது போட்டபடி ஊரே ஓடியது. மூன்று வருஷம் கழித்து வருகிற முதல் தண்ணீரை அதன் தலையோடு கூடவே நடந்து அழைத்து வருவது அந்த ஊர் வழக்கம். அது சருகையும் நுரையையும் செத்த பூச்சிகளையும் உருட்டிக்கொண்டு, ஒரு வயசான பாம்பு மாதிரி முன்னால் முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு வர, பெண்கள் குலவையிட, ஆண்கள் முன்னால் ஓடி முள்ளை இழுத்துப்போட, நாய்கள் குரைத்துக்கொண்டே பின்வாங்க, ஊர் தண்ணீரோடு சேர்ந்து வரத்துக்கால் வழியே இறங்கி, ஷட்டருக்கு முன்னால் வந்து நின்றது. நின்று, ஷட்டருக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தது. குலவை ஒவ்வொரு வாயாக அடங்கியது.

கோட்டை மண்ணால் ஆனது. அது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

அங்கேயே கூட்டம் கூடியது. தண்ணீர் ஷட்டரில் முட்டிச் சலசலக்க, அதை மீறிக் கத்த வேண்டியிருந்தது. "கோட்டை கரைஞ்சா என் கடை என்னாகும்?" என்றான் நாகு. "ஓங் கடைய வச்சு நான் நாக்கயா வழிக்க முடியும், என் வயலு மூணு வருசமா வெடிச்சுக் கெடக்கு" என்றார் ஒருவர். அம்பலார் துண்டை உதறித் தோளில் போட்டார். "கோட்டையும் இருக்கணும், தண்ணியும் வேணும். ரெண்டுக்கும் பங்கமில்லாம ஒரு முடிவு எடுப்போம்" என்றார். எந்த முடிவு என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. பொழுது சாய்வதற்குள் ஷட்டரைத் தூக்காவிட்டால் முறை கை மாறி, தண்ணீர் கீழ்த்திசைக் கண்மாய்க்குப் போய்விடும். அதுவும் பழைய வழக்கம், அதை மாற்ற எந்த அம்பலத்தாலும் முடியாது.

கோட்டைக்குள் கோட்டையம்மா எழுந்து நின்றிருந்தாள். அவள் எழுந்து நின்று முத்திருளாயி பார்த்ததே இல்லை.

"எதிரி வந்துவிட்டது" என்றாள்.

"எங்கம்மா?"

அவள் கை நீட்டிக் காட்டினாள். வரத்துக்கால் பக்கம், வெயிலில் ஒரு கீற்று மினுங்கியது. முத்திருளாயி அதைப் பார்த்தாள். சேறு மணம் காற்றில் வந்தது. நெஞ்சு அவளை மீறித் துள்ளியது, பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாத துள்ளல். எத்தனை வருஷமாயிற்று அந்த மணம் வந்து.

"ஷட்டரைக் காப்பாற்று" என்றாள் கோட்டையம்மா. "அது திறக்கக் கூடாது."

"சரிம்மா" என்றாள் முத்திருளாயி.

படை ஓடியது. ஈட்டிகள் வெயிலில் பளபளக்க, கண்மாய்த் தரையின் வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி, ஒரே கால் சத்தமாக ஓடியது, கரையில் நின்றவர்கள் இதைப் பார்க்கவாவது மூன்று வருஷம் காய்ந்து கிடக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஷட்டருக்கு இந்தப் பக்கம் வரிசை கட்டி நின்றார்கள். ஆனால் நிற்க நிற்க, பலகையின் இடுக்கு வழியே பீய்ச்சிய தண்ணீர் அவர்கள் கால்விரலை நனைத்தது. ஒருத்தி குனிந்து அதை அள்ளி முகத்தில் அறைந்துகொண்டாள். இன்னொருத்தி, "நடவுக்கு ஆள் தேடுவாகள்ல இந்த வருசம்" என்றாள் தன்பாட்டுக்கு. அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் ஈட்டியைக் கரையில் செருகிவிட்டு, ஒன்றும் சொல்லாமல், முள் ஒதுக்குகிறவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். இப்படி ஒவ்வொருத்தியாகப் போனார்கள். முத்திருளாயி யாரையும் அதட்டவில்லை. கடைசியில் கரையில் செருகிய ஈட்டிகள் வேலி போல் நிற்க, அவள் தனியாக நின்றாள்.

கூட்டம் விலகியது. பூச்செண்டு வந்தாள். தலையில் முண்டாசு, தோளில் மண்வெட்டி, கையில் ஷட்டர் திருகும் இரும்புக் கைப்பிடி.

"நில். யாரது?"

"நீர்ப்பாய்ச்சி" என்றாள் பூச்செண்டு. இந்த முறை அவள் விளையாடவில்லை.

"அங்கயே நில்லுடி."

"தள்ளுடி."

"தள்ள மாட்டேன். உத்தரவு."

"எனக்கும் உத்தரவுதான். சத்தியம் பண்ணிருக்கேன், ஒனக்குத் தெரியும், பக்கத்துல நின்னு நீதான் சூடம் காட்டுன." பூச்செண்டு மண்வெட்டியைக் கீழே போட்டாள், கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டாள். "அந்தக் கோட்டை ஒன்னய வீடுன்னு சொல்லுச்சு. சரி. நான் என்னன்னு சொன்னேன் ஒன்னய? எத்தன வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்?"

"நீ சொன்னது ஒன் வாய்க்கும் என் காதுக்கும். அது ஊரு கேக்கச் சொல்லுச்சு."

அது பூச்செண்டுக்குப் பட்டது. பட்டது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவள் நடந்தாள். முத்திருளாயி ஈட்டியை நீட்டினாள். பூச்செண்டு நிற்காமல் நடந்து, ஈட்டி முனை தோளுக்குக் கீழே ரவிக்கையைத் தொட்டு, துணியைக் கிழித்து, தோலைத் தொட்டு, ஒரு சொட்டு ரத்தம் வந்து துணியில் பூவாய் விரியும் வரை நடந்தாள். அதற்கு மேல் அவள் ஓரடி வைத்தால் போதும், அல்லது இவள் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். ஊர் மூச்சுப் பிடித்தது. தண்ணீர் மட்டும் பலகைக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

முத்திருளாயியின் கைக்கு அந்த அழுத்து வரவில்லை. எவ்வளவோ தேடினாள், அது உடம்பில் எங்கேயும் இல்லை.

அவள் ஈட்டியைப் பின்னுக்கு இழுத்தாள்.

"நான் தோத்துட்டேன்" என்றாள். "தோத்த படை கோட்டைக்குள்ள போகணும். நான் போறேன்."

"எங்க போற?"

"உள்ள. அவங்ககூட. நான் உள்ள போற வரைக்கும் பொறு. பொறகு தொற."

"ஏய், பைத்தியக்காரி" என்றாள் பூச்செண்டு. "ஒன்னய உள்ள வச்சுக்கிட்டு நான் எப்படித் தொறப்பேன்?"

"தொறக்காட்டி நீ நீர்ப்பாய்ச்சி இல்லடி" என்றாள் முத்திருளாயி, அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "போகாட்டி நான் படையாள் இல்ல. நம்ம ரெண்டு பேரும் அப்படியா வளந்தோம்?"

திரும்பி நடந்தாள். கண்மாய்த் தரை அவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதற்கு முன் தோன்றியதில்லை. பின்னால் பூச்செண்டு அவளை வைய ஆரம்பித்தாள். தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்ப் பெண்கள் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் ஒன்றுவிடாமல் வைதாள், வசவு முதுகில் வந்து விழ விழ முத்திருளாயி நிமிர்ந்தே நடந்தாள். கோட்டை வாசலைத் தாண்டும்போது வசவு நின்றது. திறக்கமாட்டாளோ என்று நினைத்தபோது இவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு எண்ணெய் போட்டு எண்ணெய் போட்டு வைத்திருந்த திருகு, ஒரு முனகலும் இல்லாமல் சுற்றியது. பலகை எழுந்த சத்தம் வரவில்லை, ஊர் எழுப்பிய சத்தம்தான் வந்தது.

அடியேய் பூச்செண்டு, தொறந்துட்டியே, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பெருமையில் ஈட்டியை இன்னும் நிமிர்த்திப் பிடித்தாள்.

கோட்டையம்மா மண் ஆசனத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். முத்திருளாயி போய்ப் பக்கத்தில் நின்றாள். ஏன் தோற்றாய் என்று அவள் கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. தண்ணீர் வாசல் வழியே ஒரு விருந்தாளி மாதிரி தயங்கி உள்ளே வந்தது, பிறகு தயக்கம் விட்டுப்போய்ச் சுவரின் எல்லாப் பக்கமும் வந்தது. ஆறு முழுசாகத் திரும்பியிருந்தது. முழங்கால் அளவு ஏறியபோது கொத்தளம் ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது. இடுப்பளவு ஏறியபோது காவல் மாடம் அடி கரைந்து சரிந்து, எட்டாத உயரத்திலிருந்த அந்த நோட்டீஸ் நனைந்து மிதந்து அவள் பக்கமாக வந்து போயிற்று. தண்ணீர் செம்பருத்தி நிறத்தில் சுழன்றது. மீன்குஞ்சுகள் கெண்டைக்காலைக் கொத்தின. முத்திருளாயிக்குச் சிரிப்பு வந்தது, அணிவகுப்பில் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள். பக்கத்தில் பார்த்தால் கோட்டையம்மாவின் உதடும் ஓரத்தில் கோணியிருந்தது.

சுவர் சரிந்த இடைவெளி வழியே, மார்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் தண்ணீரை அறைந்து தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தாள். முண்டாசு அவிழ்ந்துபோயிருந்தது. ஷட்டரைத் திறந்த கையோடு, திறந்த தண்ணீரோடு சேர்ந்தே குதித்திருக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து வைதுகொண்டு வந்தாள்.

"எதிரி வருகிறாள்" என்றாள் கோட்டையம்மா. "எதிர்கொள்."

அதுதான் கடைசி உத்தரவு. முத்திருளாயி ஈட்டியைத் திருப்பி, கால் தரையில் நிற்காதபோதும், தோளுக்கு நேராக, பழக்கியபடியே பிசகில்லாமல் நீட்டினாள். பூச்செண்டு இரும்பு முனைக்குக் கீழே காம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்து இழுத்தாள்.

"விடுடி" என்றாள் முத்திருளாயி.

"நீ விடு."

உயிர் இருக்கிற வரை ஆயுதம் கையை விட்டுப் போகக் கூடாது என்பது படைச் சட்டம். அவள் விடவில்லை. பூச்செண்டு இழுத்தாள், இவள் தன் பக்கம் இழுத்தாள், ஆனால் தண்ணீர் கரையடிப் பக்கமாய்த் திரும்பிச் சுழன்றுகொண்டிருந்தது, பூச்செண்டு அந்தக் கண்மாயின் ஒவ்வொரு நெளிவும் தெரிந்தவள். இழுபட்டுக்கொண்டே போகையில் முத்திருளாயி ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கோட்டையம்மா கழுத்தளவு நீரில், விடியற்காலையில் தனியாகக் குளிக்க இறங்கியவள் போல, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்கு நீட்டியிருந்தாள். அடுத்த அலைக்குப் பிறகு அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் சிவப்பாக.

பொழுது சாய்ந்து முறை முடிந்தபோது கண்மாய் ததும்பி, மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்கைத் தொட்டுவிட்டது. கரையில் மொத்த ஊரும் நின்றது. நாகு அழுதுகொண்டே எல்லாருக்கும் டீ ஊற்றினான், அம்பலார் இது தான் எடுத்த முடிவு என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டிருந்தார். கரைச்சரிவின் சேற்றில், மூச்சு வாங்க, நடுவில் அந்த ஈட்டி கிடக்க, இரண்டு பெண்கள் மல்லாந்து கிடந்தார்கள். ஒருத்தி காம்பின் அடியைப் பிடித்திருந்தாள், இன்னொருத்தி முனையோரத்தைப் பிடித்திருந்தாள்.

"விடுடி" என்றாள் ஒருத்தி.

"நீ விடு" என்றாள் மற்றவள்.

டீ கொண்டு வந்த நாகு யாரிடம் முதலில் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு தம்ளரையும் ஏந்திக்கொண்டு நின்றான். இருவரும் ஆளுக்கொரு கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். மற்றொரு கையை விடவில்லை.